சானன்றி முனையில் பார்த்த டால்பின்களை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி (இன்வர்னெஸ்_அப்பா):
போன வாரம் ஸ்காட்லாந்தின் சானன்றி முனைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கரையில் நின்றபடியே டால்பின்களைப் பார்க்க முடிந்தது. பக்கத்தில் கேமராவோடு நின்ற ஒரு அம்மா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். எனக்கு எல்லாமே ஒரே சாம்பல் முதுகாகத்தான் தெரிந்தது. நான் எடுத்த படங்களில் எதைப் பார்க்க வேண்டும்? என் மகள் விடாமல் கேட்கிறாள்.

பதில் 1 (மீனா_லீட்ஸ்):
உடம்பில் உள்ள கீறல்களை வைத்துத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

பதில் 2 (வடகடல்):
மீனா, கீறலை மட்டும் நம்பக் கூடாது. ஒன்றையொன்று பல்லால் உரசிக்கொள்ளும்போது விழும் கோடுகள் பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். அடுத்த கோடையில் அதே கோடு இருக்காது.

நான் அபர்டீனில் இருக்கிறேன், கோடை வந்தால் அந்த முனைதான் என் வீடு மாதிரி. முதலில் முதுகுத் துடுப்பின் பின்விளிம்பைப் பாருங்கள். அங்கே சதை மெல்லியது, எலும்பு கிடையாது. சண்டையிலோ வேறு அடியிலோ கிழிந்து துண்டு போய்விட்டால் பழையபடி வளராது. அந்த வெட்டுகள் எத்தனை, எவ்வளவு ஆழம், நுனியிலிருந்து எவ்வளவு கீழே என்பதுதான் அதன் கைரேகை. இடப்பக்கம் வலப்பக்கம் எங்கிருந்து பார்த்தாலும் வெட்டு தெரியும், கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். தோலில் உள்ள தழும்பு அப்படியில்லை. ஒரு பக்கத்தில் இருப்பது மறுபக்கத்தில் இருக்காது.

அபர்டீன் பல்கலைக்கழகத்தின் குரோமார்ட்டி ஆய்வு நிலையத்தார் 1989 முதல் இப்படிப் படம் பிடித்துத்தான் இந்தக் கூட்டத்தைப் பின்தொடர்கிறார்கள். அப்போது குட்டியாக இருந்தவற்றின் குட்டிகளையும் பார்த்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

தழும்பை வைத்தே சொல்லக்கூடிய விதிவிலக்கு ஒன்று உண்டு, ஸ்பர்டில் என்ற டால்பின். 2016-இல் குரோமார்ட்டி பக்கம் சேற்றில் மாட்டிக்கொண்டு வெயிலில் தோல் வெந்து போனது. மீட்டுக் கடலில் விட்டார்கள். பிழைக்காது என்றே பலர் எண்ணினார்கள். பிழைத்தது! விலாவில் பெரிய தழும்பு தங்கிவிட்டது. 2019-இல் அயர்லாந்துக் கடலோரத்தில் அதைக் கண்டபோது இன்னாரென்று சொல்ல முடிந்தது.

இன்வர்னெஸ்_அப்பா:
மிக்க நன்றி. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் நுனிக்குக் கீழே ஒரு வெட்டு, நடுவில் சேர்ந்தாற்போல் இரண்டு. பக்கத்திலேயே ஒரு குட்டி, அதன் துடுப்பு மழமழவென்று இருக்கிறது. குட்டியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில் 3 (வடகடல்):
குட்டியைத் தாயை வைத்துத்தான். எந்தத் துடுப்புக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் தாய். அப்படிக் குட்டியோடு தொடர்ந்து வருவதுதான் அந்த டால்பின் பெண் என்பதற்கும் சான்று, ஏனென்றால் மேலிருந்து பார்த்தால் ஆணா பெண்ணா என்று லேசில் தெரியாது. தாயை விட்டு விலகும் முன்பே குட்டியின் துடுப்பில் ஏதாவது வெட்டு விழுந்துவிட்டால் நமக்கு நல்லது. விழாவிட்டால் கூட்டத்தில் கரைந்துவிடும்.

டால்பின்கள் தங்களுக்குள் அடையாளம் காண்பது காதால். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சீட்டி உண்டு. இதே கிழக்குக் கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டு டால்பின்களுக்கு அவற்றின் சீட்டியையே போல ஒலிபரப்பிப் பார்த்தார்கள், 2013-இல் வெளியிட்டார்கள். தன் சீட்டியைக் கேட்டதும் பதில் கொடுத்தன, வேறொன்றின் சீட்டிக்கு அப்படிக் கொடுக்கவில்லை. உங்கள் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது கடல் வற்றி, திரும்ப ஏறத் தொடங்கும் நேரத்தில் போங்கள். டால்பின் தின்னும் சால்மன் மீன் அந்த ஓட்டத்தில்தான் வரும், டால்பினும் கரையோரம் வரும். கேமராவில் ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். துடுப்பு உங்களுக்குச் சரியாகப் பக்கவாட்டில் இருக்கும் நொடியில் அழுத்துங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் சின்ன வெட்டு மறைந்துவிடும். அந்த இரட்டை வெட்டுத் துடுப்பின் படத்தை ஓரம் நறுக்காமல் முழு அளவில் இங்கே போடுங்கள், என்னிடம் உள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.