சூடேறினால் நின்றுபோகும் 1991 மியாட்டா: சென்சாரா, இக்னைட்டரா?

ஏப்ரல் கடைசியில், இங்கே ஸ்கார்பரோவில், 1991 மாஸ்டா மியாட்டா கார் ஒன்று வாங்கினேன். 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. நன்றாகச் சூடேறியபின் சிக்னலில் வேகம் குறைத்தால் பட்டென்று நின்றுவிடுகிறது. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் அந்தக் கணமே பூஜ்யத்துக்கு விழுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது!

ஸ்பார்க் பிளக், பிளக் வயர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் புதிது. எஞ்சினுக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலேயையும் மாற்றிப் பார்த்தாயிற்று. பழுது பார்ப்பதற்கென்று காரில் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டி.இ.என்., ஜி.என்.டி. என்ற முனைகளை இணைத்து எல்.இ.டி. வைத்துப் பார்த்தும் பழுதைக் காட்டும் கோட் எதுவும் வரவில்லை. நின்றுபோன நிலையில் செல்ஃப் அடித்தால் பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறிதான் இல்லை.

எனக்குச் சந்தேகம் எஞ்சின் சுழலும் நிலையைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் ஆங்கிள் சென்சார் மேல், அல்லது பொறிக்காக இக்னிஷன் காயிலை இயக்கும் இக்னைட்டர் மேல். இரண்டுமே மலிவில்லை, ஊகத்தில் வாங்க மனம் வரவில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்து, பழுது இந்த இரண்டில் எதில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?