சார்ஜ் ஏறும்போது ஏசி சுடுகாத்து அடிக்குது: இவி (எலக்ட்ரிக் வண்டி) வச்சிருக்கறவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

வெயிலூரான்:
போன மே, அக்னி நட்சத்திரம் நடுவுல. சென்னையிலேருந்து ஆம்பூர் பக்கம் போறோம், அம்மா பின்சீட்ல. பேட்டரி 18% ஆனதும் ஹைவேல இருந்த 60 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர்ல சொருகினேன். வெளிய 42 டிகிரி, கூரை கிடையாது, தார் ரோட்டு அனல் பேண்ட்டுக்குள்ள ஏறுது. மொதல்ல நல்லாதான் இருந்துச்சு, 48 கிலோவாட் காட்டுச்சு. கொஞ்ச நேரத்துல முன்னாடி ஃபேன் ஓன்னு கத்த ஆரம்பிச்சுது, உள்ள ஏசி வென்ட்ல சில்லுன்னு வந்த காத்து வெதுவெதுன்னு ஆயிடுச்சு, ஸ்பீடும் 22க்கு விழுந்துடுச்சு. அங்க இருந்த பையன் வந்து "சார் ஏசிய ஆஃப் பண்ணுங்க, சீக்கிரம் ஏறும்"ங்கறான். எழுவது வயசு அம்மாவ உள்ள வச்சிகிட்டு எப்படிங்க ஆஃப் பண்றது? அம்மாவே "நிறுத்துடா, சும்மா கத்துது"ன்னாங்க. நிறுத்தினேன். 31க்கு ஏறுச்சு. அம்மா முந்தானையால விசிறிகிட்டே "உங்கப்பா ஸ்கூட்டருக்கு இதெல்லாம் கேக்கல"ன்னாங்க பாருங்க, அது இன்னும் காதுல இருக்கு. அம்மாவா பேட்டரியான்னு வண்டி என்னைய கேக்குற மாதிரி ஆயிடுச்சு. வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா? என்ன கார்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன், அப்புறம் சண்டை அதுலயே போயிடும்.

பேட்டரி மூளை:
இதுல ஒண்ணும் ஆச்சரியமே இல்ல. ஏசி கம்ப்ரஸர் ஒண்ணுதான், அதுக்கு வாய் ரெண்டு. ஒண்ணு கேபினுக்கு, இன்னொண்ணு சில்லர்னு ஒரு சின்ன பொட்டிக்கு. பேட்டரிய சுத்தி ஓடற கூலன்ட்ட அந்த சில்லர்தான் குளிர வைக்குது. 50 கிலோவாட் உள்ள போகும்போது ஒண்ணு ரெண்டு கிலோவாட் செல்லுக்குள்ளயே சூடா மாறிடும். செல் 45 டிகிரிய தாண்டினா பெரும்பாலான வண்டில பிஎம்எஸ் (பேட்டரிய கண்காணிக்கற கம்ப்யூட்டர்) கரன்ட்ட குறைச்சிடும், ஏன்னா அந்த சூட்டுல ஏத்தினா ஆயுசு போகும். வண்டி நிக்குது, ஏசி சூட்ட வெளிய தள்ற கண்டென்சருக்கு ஓட்டக்காத்து இல்ல, ஃபேன் மட்டும்தான், அது இழுக்கறதும் தார் ரோட்டு அனல். பேட்டரிக்கு முன்னுரிமை குடுத்தா கேபின் காயும், அவ்ளோதான்.

சரி, இனிமே என்ன பண்ணலாம்னா: ஹைவேல ஒரே பிடியா 100ல விரட்டிட்டு உடனே சொருகாதீங்க, கடைசி பத்து கிலோமீட்டர் 70ல வாங்க. 20லேருந்து 70 வரைக்கும் ஏத்திட்டு கிளம்புங்க, 80க்கு மேல ஸ்பீடு தானாவே விழும், சூட்டுல உக்காந்து காயறதுதான் மிச்சம். வீட்ல சார்ஜர்ல இருக்கும்போதே ஆப்ல ஏசிய ஆன் பண்ணி கேபின குளிர வச்சிட்டு எடுங்க, மொத கால்மணி நேரம் கம்ப்ரஸர் 3, 4 கிலோவாட் இழுக்குமே, அது வீட்டு கரன்ட்ல போயிடும். உள்காத்தையே சுத்த விடற ரீசர்குலேஷன் போடுங்க. முன் கண்ணாடிக்கு வெள்ளித்தாள் மறைப்பு. 100% ஏத்தி வெயில்ல நாள்பூரா நிறுத்தாதீங்க. டின்ட் ஒட்டற ஆளுங்க சொல்றத நம்பாதீங்க, சட்டப்படி முன்னும் பின்னும் 70, பக்கத்துக்கு 50 சதவீதம் வெளிச்சம் வந்தாகணும். அப்புறம் கூலன்ட் லெவல் பாத்தீங்களா? பேட்டரி கூலன்ட் தனி, தண்ணி ஊத்தி வைக்காதீங்க. என் வண்டில ஒருதடவை இதேமாதிரி ஆச்சு, இறங்கி டீ குடிச்சேன், சரியாயிடுச்சு.

வெயிலூரான்:
இவ்ளோ எழுதினதுக்கு நன்றி. ஆனா நான் கேட்டது வேற யாருக்காவது நடந்துச்சான்னுதான். அம்மாவால இறங்கி டீக்கடை பெஞ்ச்ல உக்கார முடியாது, முட்டி வலி.

கொங்கு ராசு:
வெயிலே பரவால்லீங்க. ஊட்டில ஜனவரி காலைல நம்மளுது என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா. ராத்திரி லாட்ஜ்ல 15 ஆம்பியர் பிளக்ல போட்டு வெச்சு விடியக்காலைல கிளம்பினோம், புல்லு மேலெல்லாம் வெள்ளையா உறைபனி. குன்னூர் தாண்டி மேட்டுப்பாளையம் இறக்கத்துல வழக்கமா ரீஜென், அதாவது கால எடுத்தா மோட்டாரே பிரேக் மாதிரி பிடிச்சு பேட்டரிக்கு கரன்ட் ஏத்தறது, வண்டிய இழுத்துப் பிடிக்கும், பிரேக்கையே தொட வேண்டியதில்லைங்க. அன்னிக்கு கால எடுத்தா வண்டி பாட்டுக்கு உருளுது. ஸ்கிரீன்ல ரீஜென் குறைவுன்னு ஒரு ஆமை வேகத்துல எழுத்து ஓடுது. வளைவுக்கு வளைவு பிரேக்க மிதிச்சு மிதிச்சு, பர்லியார் வரும்போது பிரேக் கருகுன வாசம். பின்னாடி வந்த டவுன்பஸ் டிரைவர் தலைய வெளிய நீட்டி "செகண்ட்ல போடுப்பா"ன்னு கத்தறாரு. எங்கிருந்துங்க செகண்ட்ல போடறது?

பேட்டரி மூளை:
100% ஏத்தியிருப்பீங்க. முழுசா நெறஞ்ச பேட்டரில ரீஜென் கரன்ட் எங்க போகும்? இது குளிர் பிரச்சினையே இல்ல.

கொங்கு ராசு:
ஏனுங்க, படிக்காமயே பதில் போடறீங்க. அன்னிக்கு 84%ல கிளம்பினோம். லாட்ஜ் பிளக்ல ராத்திரி பூரா போட்டாலும் அவ்ளோதான் ஏறுச்சு. இடம் இருந்துச்சு, வாங்கமாட்டேன்னு அடம் பிடிச்சது குளுருதான். கீழ கல்லாறு வந்து வெயில் பட்டு பேட்டரி சூடானதுக்கப்புறம் ரீஜென் தானா வந்துடுச்சு. அப்ப என்ன பிரயோஜனம், மலைதான் முடிஞ்சு போச்சே.

பேட்டரி மூளை:
சரி, 84ன்னா குளிர்தான். எல்எஃப்பின்னு ஒரு வகை லித்தியம் செல் இதுல ரொம்பவே மோசம்.

பெரம்பூர் பீட்டர்:
என் கதை சின்னது. ராத்திரி ரெண்டு மணிக்கு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் இன்டர்காம்ல, "சார் உங்க வண்டி தானா ஓடுது, உள்ள யாரும் இல்ல." லுங்கியோட கீழ ஓடறேன். சார்ஜ் போட்டிருந்த வண்டில முன்னாடி ஃபேன் பயங்கர சத்தம், அடியில தண்ணி சொட்டி தரையெல்லாம் ஈரம். வாட்ச்மேன் கைல மணல் வாளி! ஊத்தியே இருப்பாரு, நான் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்திருந்தா. பகல்ல வெயில்ல நின்ன வண்டி, பேட்டரிய குளிர வைக்க ஏசி சிஸ்டம் தானா ஓடியிருக்கு, சொட்டினது வெறும் ஏசி தண்ணி. அடுத்த நாள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல "பேஸ்மென்ட்ல இவி சார்ஜ் பண்றத தடை பண்ணணும்"னு நீளமா ஒரு மெசேஜ். இன்னிக்கு வரைக்கும் முடியல அந்த சண்டை.

ஒஸ்லோ பொடியன்:
உங்கட வெயில் கதையள் வாசிக்க ஆசையாக் கிடக்கு. எங்களுக்கு வில்லங்கம் மற்றப் பக்கத்தால. முந்தி வைச்சிருந்த காருக்கு வெளிக்காத்தில இருக்கிற சூட்டை உள்ளுக்கு இழுக்கிற ஹீற் பம்பும் இல்லை, பற்றரியை முன்கூட்டியே சூடாக்கிற வசதியும் இல்லை. கரண்டை நேர சூடா மாத்திற பீடிசி ஹீற்றர் மட்டும்தான். அது நாலு அஞ்சு கிலோவாட் தின்னும். பெற்றோல் காருக்கு எஞ்சினில வீணாப் போற சூடே போதும், ஹீற்றர் சும்மா கிடைக்கிற மாதிரி. எங்களுக்கு எல்லாம் பற்றரியில இருந்துதான் போகோணும்.

நோர்வேயில திரொண்ட்ஹைம் போற வழியில தொம்போஸ் எண்டொரு இடம், மைனஸ் 24. பிள்ளையள் பின்னால. பற்றரி ஒற்றை இலக்கத்துக்கு வந்திட்டுது எண்டு மனுசி ஹீற்றரை நிப்பாட்டச் சொல்லி, சீற் சூட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஒருமாதிரி சார்ஜருக்குப் போய்ச் சேந்தம். 150 கிலோவாட் சார்ஜர். ஏறினது 14. பூச்சியத்துக்குக் கீழ வேகமா ஏத்தினால் லித்தியம் கிராபைற்றுக்குள்ள போகாமல் மேல உலோகமாப் படிஞ்சிடும், அதால பிஎம்எஸ் விடாது. எனக்கு உது தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய, பிள்ளையின்ர உதடு நீலம்.

எங்களுக்குப் பிறகு வந்து பக்கத்தில நிப்பாட்டின ஒரு நோர்வேக்காரர், அவரின்ர கார் வழியிலேயே பற்றரியைச் சூடாக்கிக்கொண்டு வந்தது, ஏறுது 120க்கு மேல. மனுசன் எங்கட கண்ணாடியில தட்டி, பிள்ளையளை என்ர காருக்கை இருக்க விடுங்கோ எண்டார். தன்ர சார்ஜ் முடிஞ்ச பிறகும் போகேல்லை. கார் எடுத்தால் பிள்ளையள் இறங்கோணும் எண்டு அப்பிடியே இருந்தார், கோப்பியும் தந்தார். பேர் கேக்காமல் விட்டிட்டம் எண்டு மனுசி இப்பவும் சொல்லுவா.

இப்ப இருக்கிற காருக்கு ஹீற் பம்ப் இருக்கு. பூச்சியம், மைனஸ் அஞ்சு மட்டும் அருமை, ஒரு பங்கு கரண்டுக்கு ரெண்டு மூண்டு பங்கு சூடு தரும். மைனஸ் 20க்குப் போனால் அந்த லாபம் தேஞ்சிடும்.

டீசல் ராஜா:
இதுக்குத்தான் சொல்றது. 2024 ஜனவரில சிகாகோல என்ன ஆச்சு? குளிர்ல சார்ஜ் ஏறாம டெஸ்லாக்கள வரிசையா விட்டுட்டு போனாங்க, டோ பண்ணாங்க. உலகமே பாத்துச்சு. இதெல்லாம் இன்னும் வளராத டெக்னாலஜி.

ஒஸ்லோ பொடியன்:
தம்பி, அதே மாசம் ஒஸ்லோப் பக்கமும் கடுங்குளிர். இஞ்ச அந்த வருசம் வித்த புதுக் காரில பத்துக்கு ஒன்பது இவி. வேலைக்கும் போனம், பள்ளிக்கூடத்துக்கும் போனம். இஞ்ச கனபேர் ராத்திரி வீட்டில சொருகி விடுறவை, காலமை வெளிக்கிட முன்னம் பற்றரியும் உள்ளும் வீட்டுக் கரண்டில சூடாகியிருக்கும். வீட்டில சார்ஜர் இல்லாமல், வெறும் பற்றரியோட, குளிர்ந்த காரைக் கொண்டுபோய் வரிசையில நிண்டால் ஆருக்கும் உதுதான். காரில குறை இருக்கு எண்டுதானே நானும் மேல எழுதினனான், அதுக்காக இல்லாததையும் சேக்கக் கூடாது.

டெலிவரி மணி:
காரு பேசறவங்களுக்கு சில்லர், பம்ப்னு என்னென்னமோ இருக்கு. எங்க ஸ்கூட்டர்ல ஒண்ணும் கிடையாது, பேட்டரி பொட்டி மேல காத்து பட்டு ஆறினாதான் உண்டு. மத்தியானம் ஒரு மணி, ஆர்டர் குவியற நேரம், மேம்பாலம் மேம்பாலமா ஏறி இறங்கிட்டு கடைல சார்ஜ் போட்டா ஏறவே மாட்டேங்குது, பேட்டரி சூடா இருக்கு காத்திருக்கவும்னு ஆப் சொல்லுது. ஆப்ல ஆர்டர் ஒண்ணொண்ணா அடுத்தவனுக்கு போறத பாத்துகிட்டே நிக்கணும். கூட நின்ன பையன் சீட்ட தூக்கி ஈரத்துண்ட போட்டான், இன்னொருத்தன் பாட்டில் தண்ணிய ஊத்த வந்தான், கைய பிடிச்சு தடுத்தேன். 2022ல ஸ்கூட்டருங்க எரிஞ்சதுக்கப்புறம் ரூல்ஸ் டைட் பண்ணிட்டாங்க, பாதுகாப்புக்குதான் நிறுத்துதுன்னு தெரியும். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரு காசு குடுப்பா?

பேட்டரி மூளை:
ஈரத்துண்டு வேண்டவே வேண்டாம், கனெக்டர்ல ஈரம் போச்சுன்னா செலவு. நிழல்ல நிறுத்தி சீட்ட திறந்து வச்சிட்டு ஒரு டேபிள் ஃபேன் போடுங்க. மதியத்துக்கு முன்னாடியே 11 மணிக்கு ஒரு தடவை

டெலிவரி மணி:
11 மணிக்கும் ஆர்டர் இருக்குண்ணே.

கொங்கு ராசு:
மூளை சார்கிட்ட ஒரு கேள்விங்க. ஏசி போட்டா ரேஞ்ச் பாதியா போயிடும்ங்கறாங்களே எல்லாரும், நெசமுங்களா?

பேட்டரி மூளை:
பாதியெல்லாம் இல்ல. கேபின் ஒரு தடவை குளிர்ந்துட்டா ஏசி ஒரு கிலோவாட், ஒண்ணரை. ஹைவேல மோட்டாரே பத்து பன்னெண்டு இழுக்கும், அதுல இது பத்துல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல. ஆனா சென்னை கத்திப்பாரா டிராஃபிக்ல சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர்ந்தா மோட்டார் ரெண்டு கிலோவாட்கூட இழுக்காது, ஏசி அதே ஒண்ணரை, அங்க வலிக்கும். குளிர் நாட்டுல இன்னும் மோசம். இங்க 40ஐ 24ஆக்கணும், 16 டிகிரிதான். ஒஸ்லோக்காரர் மைனஸ் 20ஐ 20ஆக்கணும், 40 டிகிரி.

சார்ஜர் தம்பி:
இவ்ளோ நேரமா படிச்சிட்டு இருந்தேன். நான் இந்த மாதிரி ஒரு ஹைவே ஸ்டேஷன்லதான் வேல பாக்கறேன். வெயிலூரான் சார், ஏசிய ஆஃப் பண்ணுங்கன்னு நாங்களும்தான் சொல்வோம். பின்னாடி ரெண்டு டாக்ஸி ஹாரன் அடிச்சிட்டு நிக்கும், அவனுங்களுக்கு ஏர்போர்ட் ட்ரிப்பு, திட்டு வாங்கறது நாங்க. ஒருதடவை ஒரு அங்கிள்கிட்ட இதையே சொன்னேன், "உன் வீட்டு கரன்ட்டா"ன்னு சட்டைய பிடிச்சிட்டாரு. ஆனா உங்க கதைல ஒரு விஷயத்த யாரும் கேக்கல. 48லேருந்து 22க்கு விழுந்தது உங்க காராலதான்னு எப்படி முடிவு பண்ணீங்க? எங்க மெஷினுக்குள்ளயும் கரன்ட்ட மாத்திக் குடுக்கற பவர் மாட்யூல் இருக்கு, அதுக்கும் ஃபேன் இருக்கு. கூரையில்லாம மே வெயில்ல நின்னா அதுவும் சூடாகி தானாவே குறைச்சிக்கும். ஃபில்டர்ல லாரி தூசி அடைச்சிருந்தா இன்னும் சீக்கிரம் குறைக்கும். ஃபில்டர் எப்ப மாத்தினாங்கன்னு கேட்டா யாரும் சொல்லமாட்டாங்க.

பேட்டரி மூளை:
ஆனா ஏசிய நிறுத்தினதும் 31க்கு ஏறுச்சே. மெஷின்தான் காரணம்னா ஏறியிருக்காது.

சார்ஜர் தம்பி:
ரெண்டுமேகூட இருக்கலாம் சார். அதே மெஷின்ல பக்கத்து கன்ல (வண்டில சொருகற பிளக்) வேற வண்டி சார்ஜ் முடிச்சாலும் இந்தப் பக்கம் ஏறும், 60ஐ பிரிச்சு குடுக்கற மெஷினா இருந்தா. அப்ப பக்கத்துல யாராவது இருந்தாங்களா?

வெயிலூரான்:
இருந்தான்! ஒரு வெள்ளை டாக்ஸி. அது எப்ப கிளம்புச்சுன்னு ஞாபகம் இல்ல, நான் அம்மாவுக்கு தண்ணி வாங்க போயிட்டேன். தம்பி நீங்க எந்த ஸ்டேஷன்? அந்தப் பக்கம் வரும்போது பாக்கறேன்.

சார்ஜர் தம்பி:
ஃபில்டர் மேட்டர் எழுதிட்டேனே சார், இனிமே எப்படி சொல்றது. மே மாசம் வந்தா காலைல எட்டு மணிக்குள்ள வாங்க, அம்மாவுக்கு ஏசி ஓடும்.