சென்சர் லைட் எரியுது, ஹோமிங் பிழைக்குது. டூல் செட்டர் தொட முதலே அலாம் 4

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம் அண்ணையாக்கள். முதிரைக் கதவில பூவேலை வெட்டுற சிஎன்சி ரவுட்டர் (கொம்பியூட்டரால ஓடுற வெட்டு மெசின்) ஒண்டு. ஆர்டுயினோ ஊனோ போட், அதுக்கு மேல பூட்டுற சிஎன்சி ஷீல்ட் 3 பலகை, உள்ள ஓடுற புரோகிராம் ஜிஆர்பிஎல் 1.1. ஸ்பிண்டில் 2.2 கிலோவாட், விஎஃப்டியில (மோட்டர் வேகம் மாத்துற பெட்டி) ஓடுது. மூண்டு அச்சிலயும் எல்லை அறிய எல்ஜே12ஏ3-4-இசட்/பிஎக்ஸ் சென்சர் (இரும்பு கிட்ட வந்தா அறியிறது), பவர் ஊனோவின்ர 5 வோல்டில இருந்து.

ஹோமிங்கில, அதாவது மெசின் தன்ர தொடக்க இடத்தைத் தேடேக்க, எக்ஸும் வையும் ஒருக்கால் சரியா நிக்குது, ஒருக்கால் கடைசிவரை போய் முட்டி இரையுது. இசட் சென்சரில லைட் எரியுது, மெசினுக்குத் தெரியேல்ல. ஸ்பிண்டிலை ஸ்டார்ட் பண்ணினா அலாம் 1 (எல்லைச் சென்சர் அடிச்சிட்டுது எண்டு). வெட்டுக் கத்தியின்ர நீளம் அளக்கிற நாலு வயர் டூல் செட்டரில ரெண்டு வயரை ஊனோவின்ர ஏ5 பின்னுக்கும் கிரவுண்டுக்கும் குடுத்திருக்கு, ஜி38.2 (தொடுமட்டும் இறங்கு எண்ட கட்டளை) குடுத்தா இசட் அசைய முதலே அலாம் 4.

24 வோல்ட் சப்ளை கையில இருக்கு. சென்சருக்கு அதைக் குடுத்து, சிக்னல் வாற கறுப்பு வயரை அப்பிடியே ஊனோ பின்னில விடலாமோ?

பதில் (வவுனியா)

விடாதேங்கோ தம்பி. 24 வோல்ட் சென்சருக்கு நல்லது, பின்னுக்குக் கூடாது. உந்தச் சென்சருக்குக் குறைஞ்சது 6 வோல்ட் வேணும். 5 வோல்டில லைட் எரியும், ஆனா எட்டுற தூரம் நிலையா இராது. எக்ஸ், வை பிழைக்கிறது அதாலதான்.

என்பிஎன் வகை எண்டபடியால் கறுப்பு வயர் கிரவுண்டுக்கு இழுக்க மட்டுந்தான் செய்யும் எண்டு கனபேர் நம்பீனம். ஆனா இந்த மொடல் பெரும்பாலானதில கறுப்புக்கும் மண்ணிறத்துக்கும் (பிளஸ் வயர்) இடையில உள்ளேயே 10 கிலோ ஓம் அளவில ஒரு ரெசிஸ்டர் இருக்கும். சென்சருக்கு 24 குடுத்து, முன்னால இரும்பு இல்லாமல், கறுப்புக்கும் நீலத்துக்கும் (மைனஸ் வயர்) இடையில மல்டிமீற்றரை வைச்சுப் பாருங்கோ. 24க்குக் கிட்டக் காட்டினா அந்த வோல்டேஜ்தான் பின்னில ஏறப்போகுது. கரண்ட் 2 மில்லிஅம்பியருக்குள்ளதான் எண்டதால உடன எரியாது. கொஞ்சக் காலம் ஓடிப்போட்டுத்தான் பின் சாகும், அப்ப காரணம் தேடி அலைய வேண்டியதுதான்.

ஒவ்வொரு சென்சருக்கும் ஒரு பிசி817 ஒப்டோ கப்ளர் (வெளிச்சத்தால சிக்னலைக் கடத்தி ரெண்டு பக்க மின்சாரத்தையும் பிரிச்சு வைக்கிறது) போடுங்கோ. 24 வோல்ட் பிளஸ்ஸில இருந்து 3.3 கிலோ ஓம், அங்கயிருந்து ஒப்டோவின்ர 1ஆம் கால். 2ஆம் கால் கறுப்பு வயருக்கு. மற்றப் பக்கம் 4ஆம் கால் ஊனோ பின்னுக்கு, 3ஆம் கால் ஊனோ கிரவுண்டுக்கு. பின்னுக்கும் 5 வோல்டுக்கும் நடுவில 4.7 கிலோ ஓம். ஒப்டோவுக்குள்ள 6 மில்லிஅம்பியருக்குக் கொஞ்சம் மேல ஓடும், அது காணும். 3.3 கிலோவை அரை வாட்டில வாங்குங்கோ. கால் வாட்டும் தாங்கும், ஆனா சுடும்.

பதில் (மாங்குளம்)

இசட்டுக்கு சென்சரைக் குறை சொல்ல வேண்டாம். ஷீல்ட் 3இல இசட் எண்டு அச்சடிச்ச முனை ஊனோவின்ர டி11 பின்னுக்குப் போகுது. ஜிஆர்பிஎல் 1.1, டி11ஐ ஸ்பிண்டில் வேகத்துக்கு எடுத்துப்போட்டு இசட் லிமிட்டை (எல்லைச் சென்சரை) டி12இல பாக்குது. ஷீல்டில ஸ்பிண்டில் எனேபிள் எண்டு போட்டிருக்கிற முனைதான் டி12. வயரை அங்க மாத்துங்கோ.

இன்னொண்டு, உந்தச் சென்சர் 4 மில்லிமீற்றர் எட்டும் எண்டுறது இரும்புக்கு. அலுமினியத்தை நேர பாக்க விட்டா அதில மூண்டிலொண்டு அளவுதான் எட்டும். இரும்புத் தகடொண்டு பூட்டி, 2 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கோ.

அலாம் 4 எண்டா, புரோப் (தொட்டு அறியிறது, இங்க செட்டர்) தொடங்கேக்கையே தொட்ட நிலையில இருக்கு எண்டு அர்த்தம். செட்டர் சும்மா இருக்கேக்க மூடியிருக்கிற தொடுப்பு. ஏ5ஐ எந்நேரமும் கிரவுண்டில வைச்சிருக்கு. $6=1 (புரோப் சிக்னலைத் தலைகீழா எடு எண்ட செட்டிங்) குடுங்கோ. பிறகு கேள்விக்குறியை அனுப்பி, வாற வரியில "பிஎன்" (Pn) எண்டதுக்குப் பின்னால "பி" (P) எழுத்து இருக்கோ பாருங்கோ. விரலால அமத்தினா வரவேணும், விட்டாப் போகவேணும். இது சரிவராமல் ஜி38.2 குடுக்கவே வேண்டாம்.

கேட்டவர்

நன்றி அண்ணை. டி12இல போட்டதும் இசட் தெரியுது. 24 வோல்ட் மைனஸையும் ஊனோ கிரவுண்டையும் சேர்க்கிறதோ? செட்டரில மிச்ச ரெண்டு வயரை என்ன செய்யிறது?

பதில் (முல்லைத்தீவு)

ஒப்டோவுக்கு இவ்வளவு வேலை வேண்டாம். 1என்5819 டயோட் ஒண்டு (ஒரு பக்கமா மட்டும் கரண்டை விடுறது), கோடு போட்ட பக்கம் கறுப்பு வயருக்கு, மற்றப் பக்கம் ஊனோ பின்னுக்கு. 24 வோல்ட் திரும்பி வராது.

பதில் (வவுனியா)

வராதுதான். ஆனா மலிவுச் சென்சர் இழுக்கேக்க தன்னிலயே 1 வோல்ட் அளவு விடும், டயோடில 0.3. ஊனோ 1.5 வோல்டுக்குக் கீழ வந்தாத்தான் "வோல்ட் இல்லை" எண்டு உறுதியா எடுக்கும். மிச்சம் 0.2 வோல்ட், அதுவும் விஎஃப்டி பக்கத்தில. போதாக்குறைக்கு ரெண்டு கிரவுண்டையும் சேர்க்கவும் வேணும். ஒப்டோவில சேர்க்கத் தேவையில்லை, சேர்க்கவும் கூடாது. சேர்த்தா ஒப்டோ போட்டதில பாதிப் பலன் போச்சு.

அலாம் 1க்குக் காரணம் ஊனோவின்ர உள் புல்-அப் (பின்னை 5 வோல்டுக்கு இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்). அது 20 தொடக்கம் 50 கிலோ ஓம், விஎஃப்டியின்ர மின் இரைச்சல் லேசா ஆட்டிவிடும். மேல சொன்ன 4.7 கிலோவோட பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர், ஊனோவுக்குக் கிட்டவே. இதால செட்டர் பிந்தித் தெரியுமோ எண்டு பயப்பிடாதேங்கோ. அரை மில்லி செக்கன்தான் பிந்தும். நிமிசத்துக்கு 100 மில்லிமீற்றரில இறங்கேக்க அது ஒரு மைக்ரோனுக்கும் குறைவு.

ஸ்பிண்டில் வயர் ஷீல்ட் (சுத்திவர கம்பி வலை உறை) போட்டதா இருக்கவேணும். அந்த உறையும் மெசின் சட்டமும் நேர விஎஃப்டியின்ர ஏர்த் முனைக்கு வரவேணும். வன்னியில ஆவணி மாதத்து நிலத்தில ஏர்த் கம்பி அடிச்சுத் தண்ணி ஊத்திப்போட்டு இரைச்சல் போகும் எண்டு இருக்கிறவை கனபேர். கம்பி உயிர் காக்க, ட்ரிப் சுவிட்ச் விழ, கட்டாயம் வேணும். ஆனா இரைச்சல் மண்ணுக்குள்ள போறேல்ல, விஎஃப்டிக்கே திரும்பப் பாக்குது. அந்தத் திரும்புற வழியைக் கட்டையா வைக்கிறதுதான் வேலை. சென்சர் வயரை ஸ்பிண்டில் வயரோட ஒரே குழாயில விடாதேங்கோ. குறுக்க வேண்டி வந்தா நேர்கோணத்தில குறுக்குங்கோ.

பதில் (மாங்குளம்)

மிச்ச ரெண்டு வயர் அளவுக்கு மிஞ்சி அமத்தினா திறக்கிற காப்புத் தொடுப்பு. நிறத்தை நம்பாமல் மீற்றரில பாருங்கோ: கொஞ்சம் அமத்தத் திறக்கிறது புரோப், அடிவரை அமத்தத் திறக்கிறது காப்பு.

இதுக்கு ஊனோவில தனிப் பின் வேண்டாம். மூண்டு சென்சரையும் /ஏஎக்ஸ் ஆக்கினா, அதாவது இரும்பு வரேக்க திறக்கிற வகை, காப்புத் தொடுப்பை இசட் சென்சரின்ர கறுப்பு வயரில தொடராப் போடலாம். வவுனியா அண்ணை சொன்ன அதே ஒப்டோ. சென்சர் திறந்தாலும், செட்டர் அடிபட்டாலும், வயர் அறுந்தாலும் மெசின் நிக்கும். $5=1 (எல்லைச் சிக்னலைத் தலைகீழா எடு), $21=1 (எல்லை அடிச்சா உடன நிப்பாட்டு). $5 மூண்டு அச்சுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்யும், ஒண்டை மட்டும் மாத்திப்போட்டு மற்ற ரெண்டையும் /பிஎக்ஸில விட ஏலாது.

கேட்டவர்

செட்டர் அடிவரை அமந்து அலாம் 1 வந்தா, திரும்ப எப்பிடி மேல எடுக்கிறது?

பதில் (மாங்குளம்)

ரீசெட், பிறகு $X (அலாமைத் திறக்க), பிறகு $21=0. இசட்டை 5 மில்லிமீற்றர் மேல எடுத்து $21=1 திரும்பப் போடுங்கோ. அதுக்குப் பிறகு $H (ஹோமிங்). இடம் தவறியிருக்கும், ஹோமிங் செய்யாமல் பழைய பூச்சியத்தில வெட்டத் தொடங்காதேங்கோ.