பின்பக்கம் பாறை, முன்பக்கம் களி: வெயில்ல திறந்து மழையில மூடுற விரிசல், என்ன செய்யறது?

ஊசூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வேலூர் ஊசூர் பக்கம் மலையடிவாரத்துல நாலு சென்ட் இடம். 2022ல வீடு கட்டிக் குடி வந்தோம். தரைத்தளம் மட்டும்தான். ஒன்பது பில்லர், எல்லாம் அஞ்சடி ஆழம்னு பேச்சு. பின்பக்கம் மூணு பில்லருக்குத் தோண்டறப்போ மூணடியிலேயே கடப்பாரை ‘ணங்’னு பாறையில மோதிச்சு, அங்கேயே நிறுத்திட்டாங்க. முன்பக்கம் அந்தக் காலத்துல ஏரிப் பாசன நஞ்சை. அஞ்சடி தோண்டியும் கருப்புக் களிதான்.

மொத வருஷம் ஒண்ணும் தெரியல. 2023 சித்திரையில ஹால் ஜன்னல் மேல் மூலையிலிருந்து கூரையைப் பாத்து சாய்வா ஒரு கோடு. கார்த்திகையில பாத்தா காணோம். சரி, பூச்சு விரிசல்னு விட்டுட்டேன். இப்போ கத்திரி வெயில்ல மறுபடியும் திறந்திருக்கு, மேல் பக்கம் ரெண்டு பத்து ரூபா காசைச் சேத்து வெச்சா உள்ள போகுது. வாசப்படி மெயின் செவுத்தை விட்டு ஒரு விரல் விலகி நிக்குது. மழைக்காலத்துல தலைவாசல் கதவு இறுகுது, ஹால் நடுவுல டைல்ஸ் உப்புது.

பாக்க வந்த ஒருத்தர் முன் பில்லர் மூணையும் தோண்டி, சுத்தி கம்பி கட்டி கான்கிரீட் ஜாக்கெட் போடணும், நாலரை லட்சம்னு சொல்லிட்டுப் போயிட்டார். கடன் இன்னும் பதினாலு வருஷம் இருக்கு. நெஜமாவே அவ்வளவு வேலை தேவையா?

பேரணாம்பட்டு பாய்:
2021 நவம்பர் கடைசியில விடியக்காலை நில அதிர்வு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எங்க பக்கம் நெறைய வீட்ல அப்போ கோடு விழுந்துச்சு. அதுவா இருக்கப் போகுது.

தூக்குக்குண்டு:
பாய், அவரு வூடு கட்னதே 2022லன்னு சொல்றாரு. பொறக்காத புள்ளைக்கு எப்டி அம்மை போடும்?

கான்ட்ராக்ட் தம்பி:
ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. இப்போ நல்லா திறந்திருக்கு இல்ல, ‘வி’ மாதிரி கொத்தி, கெமிக்கல் கலந்த சிமெண்ட்டை உள்ள ஏத்தி பெயிண்ட் அடிச்சிடுங்க. ஒரு நாள் வேலை.

பொதுப்பணி ஓய்வு:
தம்பி சொன்னதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். களி சுருங்கி விரிசல் அகலமாக இருக்கும் நேரத்தில் கெட்டியாக அடைத்தால், மழையில் களி உப்பி வீட்டைத் தூக்கும்போது அந்த இடம் மூட முடியாது. அடைத்த சிமெண்ட்டே ஆப்பு மாதிரி நின்று பக்கத்துச் செங்கலைப் பிளக்கும். ஒரு விரிசல் இரண்டாகும்.

நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் முதலில் கேள்விகள்:
விரிசல் செவுத்தில் மட்டுமா, பில்லரிலோ, பில்லர்களைக் கீழே இணைக்கும் பெல்ட் பீமிலோ இருக்கிறதா? பீமில் இருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை நேரில் கூட்டி வாருங்கள். விரிசல் மேலே அகலமா, கீழே அகலமா? குளியலறை, சமையலறைத் தண்ணீர் எங்கே போகிறது? மொட்டை மாடித் தண்ணீர்? முன்னால் மரம் உண்டா? பேஸ்மெண்ட்டுக்குள் என்ன மண் நிரப்பினீர்கள்?

ஊசூர்க்காரன்:
சார், பில்லர் பீம் எல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்தேன், சுத்தமா இருக்கு. செவுத்துல மட்டும்தான். மேல அகலம், கீழ வர வர மயிரிழை.

மாடித் தண்ணி பைப் ரெண்டும் முன்பக்கம் இறங்குது. மழைநீர் சேகரிப்புக் குழின்னு ஒண்ணு போட்டோம், முன் பில்லருக்கு மூணடி தள்ளி. கழிவுத் தண்ணி ஊறி இறங்குற சோக் பிட்டும் அதே பக்கம். வேப்பமரம் ஒண்ணு இருக்கு, செவுத்துக்கு எட்டடி. வீட்டுக்கு முன்னாடியே இருந்த மரம், இருபது வருஷமாவது இருக்கும்.

பேஸ்மெண்ட் மண்ணு... கிராவல் லோடு விலை கட்டுப்படி ஆகல சார். பக்கத்துல ஏரி தூர் வாரிட்டு இருந்தாங்க. அந்த மண்ணு கெடச்சுது. அதைக் கொட்டிட்டோம்.

தூக்குக்குண்டு:
அடப்பாவி மனுஷா. அந்த மண்ணுல நெல்லு போட்டா வெளையும், அதுமேல டைல்ஸ் போட்டா மொளைக்கும். உப்பிகினு கீறது அதான்.

முப்பத்தெட்டு வருஷமா கொத்து வேல பாக்குறேன். அணைக்கட்டு, ஒடுகத்தூரு, மலை ஓரமா எத்தினி வூடு. எங்க வேல கெட்டுச்சுன்னா இதுலதான்: ஒரு காலு பாறையில, ஒரு காலு சேத்துல. பாறைக்காலு நவுராது. சேத்துக்காலு வெயிலுக்கு எறங்கும், மழைக்கு ஏறும். நடுவுல கீற செவுரு இன்னா பண்ணும், பாவம். முழுசும் களியா இருந்தாக்கூட வூடு மொத்தமா ஏறி எறங்கும், இவ்ளோ வெடிக்காது. ஆழம் அஞ்சடின்னு கணக்கு பாத்தாங்களே தவிர, அடியில இன்னா கீதுன்னு பாக்கல.

பின்னாடி மலைய வெட்னீங்களே, அங்க இன்னா தடுப்பு கட்னீங்க?

ஊசூர்க்காரன்:
நாலடி கருங்கல் கட்டு அண்ணா. சிமெண்ட் வெச்சுப் பூசிட்டாங்க, ஓட்டை எதுவும் விடல. நடுவுல லேசா வயிறு தள்ளின மாதிரி இருக்கு. பெருமழைன்னா அதுக்கு மேல வழிஞ்சு தண்ணி வீட்டுப் பின்பக்கம் நிக்கும், ரெண்டு நாள்ல தானா வத்திடும்.

தூக்குக்குண்டு:
வத்தல. உன் வூட்டுக்கு அடியில பூந்து முன்னாடி போவுது. பாறை குடிக்காது இல்ல, அதும் தலைமேலயே வழுக்கிகினு வந்து களியில எறங்கும்.

பொதுப்பணி ஓய்வு:
மேஸ்திரி சொல்வது முழுக்கச் சரி. தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்கள், இங்கே தண்ணீர்தான் வீட்டைப் பிளக்கிறது.

கரிசல் களியில் மாண்ட்மோரிலோனைட் என்கிற கனிமம் இருக்கும். மெல்லிய தகடு தகடான அமைப்பு. தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், வற்றினால் சுருங்கும். லேசான வீட்டைத் தூக்க அந்த உப்பலுக்குப் பலம் போதும், அதனால்தான் மாடி இல்லாத வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். உங்கள் முன்பக்கத்தில் மழையில் மூன்று வழியாகத் தண்ணீர் இறங்குகிறது: மலை, மாடி, சோக் பிட். கோடையில் வேம்பு அதே இடத்தில் உறிஞ்சுகிறது. களிக்கு ஈரம் கூடுவதை விட, ஈரம் ஏறி இறங்குவதுதான் கெடுதல். விரிசல் மேலே அகலமாக இருப்பதும், முன்பக்கம் கோடையில் தாழ்ந்து வெளியே சாய்கிறது என்பதோடு ஒத்துப்போகிறது.

நாலரை லட்சத்துக்கு முன்னால் ஒரு சோதனை. இந்தியத் தர விதி ஐ.எஸ். 2720, பாகம் 40ல் இருக்கும் உப்பல் சோதனைதான். காயவைத்துப் பொடித்து நைசாகச் சலித்த மண் பத்து பத்து கிராம், இரண்டு 100 மில்லி அளவுக் குடுவையில். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். நன்றாகக் கலக்கி 24 மணி நேரம் விட்டு, படிந்த மண் எத்தனை மில்லி என்று பாருங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மண்ணெண்ணெய் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். 50க்கு மேல் போனால் அலட்சியம் கூடாது. முறையாகச் செய்ய பாகாயம் அரசு இன்ஜினியரிங் காலேஜ் சிவில் துறையில் கேட்டுப் பாருங்கள்.

ஊசூர்க்காரன்:
சார், பொறுக்க முடியாம நானே செஞ்சு பாத்துட்டேன். பக்கத்து வீட்டு சயின்ஸ் டீச்சர் குடுவை தந்தாங்க. பத்து கிராமுக்கு நகைக்கடைத் தராசு, தங்கம் வாங்க வந்தவன் மண்ணை நிறுக்கறான்னு சிரிச்சாங்க. மண்ணெண்ணெய் கெடைக்கறதுக்குத்தான் மூணு நாள் அலைச்சல். முன் பில்லர் ஓரம் நாலடியில எடுத்த மண்: தண்ணியில 19, மண்ணெண்ணெய்ல 11. கணக்கு 73 வருது. குழியில எடுத்த கட்டியை வெட்டினா கத்தி பட்ட எடம் சோப்பு மாதிரி மின்னுது.

வேப்பமரத்தை வெட்டிடட்டுமா?

பொதுப்பணி ஓய்வு:
வேண்டாம்! வீட்டை விட மூத்த மரம். இருபது வருடமாக அது உறிஞ்சி உலர்த்திய மண்மேல்தான் கட்டியிருக்கிறீர்கள். ஒரே நாளில் வெட்டினால் அந்தக் களி மெல்ல மெல்ல ஈரம் பிடித்து வருடக்கணக்கில் உப்பிக்கொண்டே இருக்கும். கிளையைக் கழித்து மரத்தைச் சிறிதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கும் செவுத்துக்கும் நடுவே நாலைந்து அடி ஆழக் குறுகிய பள்ளம் எடுத்து, கனமான பிளாஸ்டிக் தாள் இறக்கி மூடினால் வேர் இந்தப் பக்கம் வருவது குறையும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் மலைப்பக்கம்: கல்லுக்கட்டுக்கு மேலே, சற்றுத் தள்ளி ஒரு வடிகால் வெட்டி, வரும் தண்ணீரை இரண்டு பக்கமாகத் திருப்பித் தெருவுக்கு விடுங்கள். அடுத்து மாடித் தண்ணீர். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம்தான், ஆனால் களியில் குழி போட்டு என்ன பயன்? தண்ணீர் உள்ளே இறங்காமல் பில்லரைச் சுற்றி ஊறும். பைப்பை மூடிய தொட்டிக்குத் திருப்புங்கள். சோக் பிட்டை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். கடைசியாக, வீட்டைச் சுற்றி ஐந்தாறு அடி அகலத்துக்கு, அடியில் பிளாஸ்டிக் தாள் போட்டு வெளிப்பக்கம் வாட்டமாக ஒரு தளம். மூன்றடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் போதும். இந்தத் தளத்தைச் செவுத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள், இடுக்கில் தார் வையுங்கள். அது தனியாக ஏறி இறங்கட்டும்.

தூக்குக்குண்டு:
கல்லுக்கட்டு வேலய வெயில் காலத்துலயே முடிச்சிடு தம்பி. மூணு நாலு அடிக்கு ஒண்ணா துளை போட்டு மூணு அங்குல பைப்பு சொருவு, முன்பக்கம் லேசா சாய்ச்சி. பைப்பு பின்னாடி ஜல்லி வெக்கணும், இல்லன்னா ஒரே மழையில மண்ணு அடைச்சிக்கும். தண்ணிக்கு வழி வுடலன்னா செவுரு வழி வுட்டுரும். வயிறு தள்ளுன எடத்த மட்டும் பிரிச்சி கட்டு, அடி அகலம் ரெண்டடிக்குக் கொறையாத. பிரிக்கிறப்போ முழுசா பிரிச்சிடாத, துண்டு துண்டா.

வாலாஜா அக்கா:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க இனிமேதான் கட்டப்போறோம். எங்க மனையும் கருப்பு மண்ணுதான், வெயில்ல வெடிப்புக்குள்ள என் பையனோட பந்து போயிடுச்சு. முன்னாடியே என்ன செய்யணும்?

பொதுப்பணி ஓய்வு:
அம்மா, பந்து போகிற வெடிப்பென்றால் மண் பரிசோதனைக்கு முன் கடைக்கால் தோண்டாதீர்கள். களி ஆழமாக இருந்தால் அடி அகன்ற பைல், அதாவது மண்ணில் ஆழமாகத் துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண், போடுவது வழக்கம். நம் நாட்டில் இதைப் பரவலாக்கியது ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், விதிகள் ஐ.எஸ். 2911, பாகம் 3ல் இருக்கின்றன. ஓர் அடி அகலத் துளை, அடியில் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குமிழ். குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழம், அதாவது ஈரம் ஏறி இறங்குகிற மேல்மண்ணைத் தாண்டி. மண் உப்பும்போது பைலை மேலே இழுக்கும், குமிழ் விடாது. பைல்களின் மேல் வரும் பீம் தரையைத் தொடக்கூடாது, அடியில் 80 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைப் பார்த்து வேலையாட்கள் மண்ணைத் தள்ளி நிரப்பிவிடுவார்கள், கூடவே நில்லுங்கள்.

ஊசூர்க்காரன்:
சார், அப்போ அந்த நாலரை லட்சம் ஜாக்கெட்?

பொதுப்பணி ஓய்வு:
பில்லருக்கு ஜாக்கெட் போட்டால் பில்லர் தடிக்கும், அடியில் இருக்கும் மண் மாறாதே! தண்ணீரை ஒழுங்கு செய்து ஒரு முழு வருடம் அளந்த பிறகும் முன்பக்கம் இறங்கிக்கொண்டே இருந்தால் பில்லரின் அடித்தளமான பூட்டிங்கை ஆழப்படுத்துவதைப் பற்றிப் பேசலாம். அதையும் இன்ஜினியர் முன்னிலையில், ஒரு நேரத்தில் ஒரு குழி மட்டும் திறந்து. மூன்றையும் சேர்த்துத் தோண்ட வருபவரை வாசலோடு அனுப்புங்கள்.

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டிவிடுங்கள், விரிசல் அசைந்தால் அது உடைந்து காட்டும். மாதம் ஒரு முறை அளவு.

ஊசூர்க்காரன் (தை மாசம்):
வடிகால், பைப், தொட்டி, சுத்துத்தளம் எல்லாம் ஆடிக்குள்ள முடிச்சோம். ஒண்ணே முக்கால் லட்சம் ஆச்சு. மொத மழையிலேயே கல்லுக்கட்டு பைப் அஞ்சுலயும் தண்ணி ஊத்துச்சு, நின்னு வேடிக்கை பாத்தோம். ஐப்பசியில ஒரு ராத்திரி ‘டிக்’னு சத்தம், கண்ணாடி உடைஞ்சிடுச்சு. விரிசல் இப்போ மூடியிருக்கு. பூசிடலாமா?

பொதுப்பணி ஓய்வு:
மழையில் மூடியது குணமானதாகக் கணக்கில்லை. கண்ணாடியை மாற்றி ஒட்டுங்கள். கத்திரி வரட்டும்.

ஊசூர்க்காரன் (வைகாசி):
போன வருஷம் ரெண்டு காசு போன எடத்துல இப்போ ஒரு காசுகூடப் போகல. ஏடிஎம் கார்டு மட்டும் இறுக்கமா நுழையுது. வாசப்படி விலகினது விலகினபடிதான், அதைத் தனியா உடைச்சுக் கட்டணும்.

ஹால் தரையை நேத்து பேத்தோம். ரெண்டடி ஏரி மண்ணை அள்ளி வெளிய கொட்டினா, கூடை கூடையா நத்தை ஓடு. எங்க பொண்ணு ஒரு டப்பா நிறைய பொறுக்கி வெச்சிருக்கா. நாளைக்கு கிராவல் ஏழு லோடு வருது.

தூக்குக்குண்டு:
ஏழையும் ஒண்ணா கொட்டி மேல மட்டம் பண்ணிடப் போறாங்க. அரையடிக்கு ஒரு தடவ லேசா தண்ணி தெளிச்சி இடிக்கச் சொல்லு. நீ பக்கத்துலயே சேர் போட்டு ஒக்காரு.