அலுவலகம் போய்வர எந்த சைக்கிள்? 11 கிலோ வண்டியா, 17 கிலோ வண்டியா?

புதுமிதி:
வீட்டிலிருந்து அலுவலகம் 9 கி.மீ. வழியில் ஒரு மேம்பாலம் உண்டு. கடைசி ஒரு கிலோமீட்டர் குண்டும் குழியும். மடிக்கணினி, சாப்பாடு, மாற்றுச் சட்டை எல்லாம் சேர்த்துப் பை 6 கிலோ வரும். என் எடை 70. அலுவலகத்தில் குளிக்க வசதி கிடையாது. மழையிலும் ஓட்டியாக வேண்டும், திரும்பும்போது இருட்டிவிடும்.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 11 கிலோ: 28 மி.மீ. டயர், டிஸ்க் பிரேக், 2×8 கியர் (முன்னால் 2, பின்னால் 8 பல்சக்கரம்). மட்கார்டு, கேரியர், விளக்கு எதுவும் கிடையாது. இன்னொன்று 17 கிலோ: பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே (நடுக்குடம்) 3 கியர், முழு மட்கார்டு, செயின் மூடி, கேரியர், டைனமோ விளக்கு எல்லாம் சேர்ந்தே வருகிறது. டயர் 37 மி.மீ. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓட்டிப் பார்த்ததில் முதல் வண்டி பறந்தது. இரண்டாவது யோசித்து யோசித்துக் கிளம்பியது. எதை எடுக்கலாம்?

காற்றைக்கிழி:
இதுல யோசிக்க என்ன இருக்கு? பறந்ததை எடுங்க. மட்கார்டு, கேரியர் எல்லாம் எப்ப வேணா மாட்டிக்கலாம். வண்டியோட கனத்தை எந்த ஸ்பானரை வச்சும் கழட்ட முடியாது. தினமும் அந்த மேம்பாலத்துல உங்க தொடை சொல்லும், எது சரின்னு.

மழைக்கோட்டு:
பையும் இல்லை, மழையும் இல்லை, பட்டப்பகலில் தெருமுனை வரை ஓர் ஓட்டம். அப்படி ஓட்டினால் எந்த இலகு வண்டியும் பறக்கத்தான் செய்யும். அந்த ஓட்டத்தை முதலில் மறந்துவிடுங்கள் புதுமிதி. நீங்கள் வாங்குவது மழையில் நனைந்து, இருட்டில் திரும்பி வரும் நாளுக்கான வண்டி.

தொடை கணக்கையே பார்ப்போம். மேட்டில் ஏறுவது வண்டி மட்டுமல்ல. ஆள் 70, பை 6, வண்டி 11, ஆக 87 கிலோ. மற்றதில் 93. வித்தியாசம் 7 சதவீதம். ஒரே பலத்தில் மிதித்தால், 2 நிமிடத்தில் ஏறும் மேம்பாலத்துக்கு 8 விநாடி கூடும், அவ்வளவுதான். சமதரையில் சீரான வேகத்தில் போகும்போது எடைக்குப் பெரிதாக வேலையே இல்லை. அங்கே எதிரி காற்று.

அந்த 11 கிலோவும் கடையில் நிற்கும் எடைதான். முழு மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, விளக்குகள், குழிக்குத் தாங்கும் டயர், பூட்டு என்று மாட்டிக்கொண்டே போனால் 15-ஐத் தொட்டுவிடும். பிறகு எங்கே இருக்கிறது அந்த 6 கிலோ?

காற்றைக்கிழி:
பூட்டு ரெண்டு வண்டிக்கும்தானே? அதை என் தலையில மட்டும் ஏத்தினா எப்படி? பூட்டை விட்டா 14-க்குள்ள நிக்கும்.

எதிரி காற்றுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அந்த 17 கிலோ வண்டியில நிமிர்ந்து உக்காந்து போறது பாய்மரத்தை விரிச்சுக்கிட்டு எதிர்க்காத்துல போற மாதிரி. அதோட 3 கியர்ங்கிறது கீழ இருந்து மேல வரைக்கும் சுமார் 1.8 மடங்குதான். 2×8-ல 4 மடங்குக்கு மேல கிடைக்கும். ஹப்ல ஒரு கியர்ல இருந்து அடுத்ததுக்கு மூணுல ஒரு பங்கு தாவும். எதிர்க்காத்துல ஒண்ணு பாரமா இருக்கும், இன்னொண்ணு வெறுமனே சுத்தும். நடுவுல எதுவும் இருக்காது.

ஒற்றைப்பல்:
மூன்றே எதற்கு? முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று, நல்ல செயின். கெட்டுப்போக எதுவுமே இல்லை.

காற்றைக்கிழி:
மேம்பாலம்னு எழுதியிருக்காரே, படிச்சீங்களா?

கோட்டம்எடுப்பவன்:
வண்டியைக் கழட்டி மாட்டுவதே என் பிழைப்பு. நீங்கள் இருவரும் பேசுவது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த 11 கிலோ வண்டியில் மட்கார்டையும் கேரியரையும் மாட்ட முடியுமா என்பதே. "எப்ப வேணா மாட்டிக்கலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். வண்டிச் சட்டத்தில் இடம் இருந்தால்தானே மாட்டலாம்?

புதுமிதி, போய்ப் பார்க்க வேண்டியவை இவை. பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் இரு புறமும் மரை போட்ட துளை இருக்கிறதா. சீட்டுக்குக் கீழே, சட்டத்தின் மேல்பக்கமும் இரண்டு துளை வேண்டும், கேரியரின் மேல்கால் அங்கேதான் உட்காரும். முன் போர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) காலடியில் மட்கார்டு கம்பிக்குத் துளை இருக்கிறதா. டயருக்கும் போர்க்கின் உச்சிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி. ஒரு விரல்கூட நுழையவில்லை என்றால் முழு மட்கார்டு வராது. சீட் தண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் அரை மட்கார்டுதான். அது முதுகில் தெறிக்கும் சேற்றைத் தடுக்கும், ஆனால் ஷூவும் செயினும் நனைவதைத் தடுக்காது. டிஸ்க் பிரேக் வண்டியாயிற்றே, பிரேக் கவ்வி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். சட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சாதாரண கேரியரின் கால் அதில் இடிக்கும்.

அந்த 3 கியர் வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேடு பாரமாக இருந்தால் ஹப்பை மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலும் பின்னால் 18 பல் போட்டு விற்பார்கள். அதை 22 ஆக்கினால் மூன்று கியருமே 18 சதவீதம் இலகுவாகும். செயினில் ஒரு ஜோடி கண்ணி கூட்ட வேண்டிவரலாம். சின்ன வேலை.

காற்றைக்கிழி:
அப்ப மேல் கியரும் 18 சதவீதம் செத்துப்போகுமே?

கோட்டம்எடுப்பவன்:
போகும். முன்னால் 44 பல் என்று வைத்தால், நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கும்போது மூன்றாவது கியரில் மணிக்கு 24 கி.மீ. போகலாம். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் பாதையில் அதற்கு மேல் எங்கே போகப் போகிறார்?

சிக்னல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹப் கியரை நின்ற இடத்திலேயே மாற்றலாம். வெளியே தொங்கும் கியரில் செயின் தாவ வேண்டுமானால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய கியரில் திடீரென்று பிரேக் அடித்து நின்றவர்கள் கிளம்பப் படும் பாட்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

நிலாச்சக்கரம்:
குளிக்க வசதி இல்லை என்று அவர் எழுதியதை ஆண்கள் நீங்கள் யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. இவ்வளவு கணக்குப் போடுகிறீர்களே, இதற்கும் போடுங்கள். 9 கி.மீ.-ஐ மணிக்கு 20-ல் ஓட்டினால் 27 நிமிடம், 16-ல் ஓட்டினால் 34 நிமிடம். காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடி விகிதத்தில் ஏறும். அதாவது அந்த 7 நிமிடத்தை மிச்சப்படுத்தக் காற்றுக்கு மட்டுமே கிட்டத்தட்ட இரு மடங்கு உழைக்க வேண்டும். அவ்வளவும் வியர்வையாகச் சட்டையில்தான் இறங்கும். 7 நிமிடம் முன்னால் கிளம்புங்கள் சகோதரரே.

பை முதுகில் இருக்கவே கூடாது. 16-ல் போனாலும் முதுகுப்பைக்கு அடியில் ஊறிவிடும். கேரியரின் பக்கவாட்டில் மாட்டும் பை வாங்குங்கள். வாங்கும் முன் வண்டியில் மாட்டி, மிதித்துப் பாருங்கள். பின்பகுதி குட்டையான வண்டிகளில் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கும். பந்தய பாணி வண்டிகள் பலவற்றுக்கு இந்தத் தொல்லை உண்டு.

செயின் மூடியைப் பற்றியும் யாராவது பேசுங்கள். தொளதொள பேண்ட் போடுகிறவருக்கு அது ஆடம்பரமில்லை. காலில் வளையம் மாட்டிக்கொள்ளலாம்தான். மறந்த அன்று எண்ணெய்க் கறையோடு கூட்டத்தில் போய் உட்கார வேண்டும்.

காற்றைக்கிழி:
அக்கா, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா அதே 16-ல என் வண்டியை ஓட்டினா இன்னும் குறைவாத்தானே வேர்க்கும்? மெதுவாப் போறது 17 கிலோ வண்டிக்கு மட்டும் எழுதி வச்ச உரிமையா?

நிலாச்சக்கரம்:
இல்லைதான். கேரியர் மாட்ட வழி இருந்தால் தாராளமாக ஓட்டட்டும். ஆனால் குனிந்து ஓட்டும் வண்டி கையில் இருக்கிறவர் 16-ல் போய் நான் பார்த்ததில்லை.

காற்றைக்கிழி:
:) சரி, அது உண்மைதான்.

பிரேக்குக்கு வருவோம். மழை மழைன்னு சொல்றவர், டிஸ்க் பிரேக்கைப் பத்தி மட்டும் வாயே திறக்கலையே? மழையில அதுதானே உயிர்? ரெண்டாவது வண்டியில என்ன பிரேக்னு அவர் எழுதவும் இல்லை.

புதுமிதி:
முன்னால் ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக். பின்னால் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் வகை.

மழைக்கோட்டு:
டிஸ்க் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பின்மிதி பிரேக் ஹப்புக்குள் இருக்கிறது. மழை அதைத் தொடாது, தேய ரப்பர் கட்டை இல்லை, துருப்பிடிக்கக் கேபிளும் இல்லை.

காற்றைக்கிழி:
செயின் கழண்டா அந்த பிரேக்கும் சேர்ந்து போயிடுமே! மேம்பாலம் இறங்கும்போது கழண்டா என்ன பண்ணுவார்? அதோட பெடலைப் பின்னால சுத்தவே முடியாது. சிக்னல்ல நின்னா பெடலைக் கால் வாகுக்குக் கொண்டுவரக்கூட வழியில்லை.

கோட்டம்எடுப்பவன்:
அவர் சொல்வது சரி. பின்மிதி பிரேக் வண்டியில் முன் பிரேக் பெயருக்கு இருந்தால் போதாது. புதுமிதி, கையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ரிம்மில் ஒட்டினால் இரும்பு ரிம். மினுக்கும் குரோம் பூச்சு ஈரத்தில் பிரேக் கட்டையை வழுக்கிவிடும். அப்படி இருந்தால் அந்த வண்டி வேண்டாம், நான் மழைக்கோட்டு கட்சி என்றாலும் சொல்கிறேன். ஒட்டவில்லை என்றால் அலுமினியம். முதல் ஒன்றிரண்டு சுற்றில் தண்ணீரை வழித்துவிட்டுப் பிடிக்கும். மழையில் சற்று முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டுவைக்கப் பழக வேண்டும்.

டயர் விஷயத்துக்கு இரண்டு வரி போதும். குண்டும் குழியுமான சாலையில் 28 மி.மீ. டயரில் காற்றுக் கொஞ்சம் குறைந்தால் குழியின் விளிம்பு டியூபை ரிம்மோடு சேர்த்து நசுக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். 37-ல் குறைந்த காற்றிலேயே தாங்கும். இன்னொன்று: மாற்று டயர் வாங்கும்போது "28 இஞ்சு" என்று கேட்காதீர்கள். அந்தப் பெயரில் ரிம்மில் உட்காரும் விட்டம் 622 மி.மீ. உள்ளதும் உண்டு, 635 உள்ளதும் உண்டு, ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 37-622 (அகலம்-விட்டம்) என்பது போல அச்சிட்டிருக்கும். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

காற்றைக்கிழி:
பின்சக்கரம் பஞ்சரானா? என் வண்டியில ஒரு நெம்புகோலைத் திருப்பினா சக்கரம் கையில. அதுல நட்டு, கியர் கேபிள், பிரேக்கைச் சட்டத்தோட பிடிக்குற பட்டை எல்லாம் கழட்டணும். இருட்டுல, மழையில...

கோட்டம்எடுப்பவன்:
ஒட்டுவதற்குச் சக்கரத்தைக் கழட்டவே வேண்டாம். டயரை ஒரு பக்கம் மட்டும் இறக்கி, ஓட்டை இருக்கும் இடத்தில் டியூபை வெளியே இழுத்து, உரசி, ஒட்டி, உள்ளே தள்ள வேண்டியதுதான். டியூபையே மாற்ற வேண்டி வந்தால்தான் நீங்கள் சொல்லும் தொல்லை. கைவசம் நட்டுக்கு 15 நம்பர் ஸ்பானர் ஒன்றும், பிரேக் பட்டையின் திருகுக்கு ஏற்ற கருவியும் இருக்கட்டும்.

நெம்புகோல் உங்களுக்கு எவ்வளவு சுலபமோ, சக்கரத்தைத் திருடுகிறவனுக்கும் அவ்வளவு சுலபம்.

மழைக்கோட்டு:
திருட்டைச் சொன்னது நல்லது. அதற்கு யு வடிவப் பூட்டுதான். சைக்கிள் மெக்கானிக்காகவும் எழுத்தாளராகவும் இருந்த ஷெல்டன் பிரவுன் சொல்லிப் பிரபலமான முறை ஒன்று உண்டு: சின்னப் பூட்டை, பின் முக்கோணச் சட்டத்துக்குள் வரும் இடத்தில் ரிம்மைச் சுற்றி மாட்டிக் கம்பத்தோடு பூட்டுவது. ரிம்மை அறுக்காமல் சட்டத்தை உருவ முடியாது.

காற்றைக்கிழி:
அலுமினிய ரிம்மை அறுக்க எவ்வளவு நேரமாகும்? சட்டத்தையும் சேர்த்தே பூட்டுங்க. பூட்டு கொஞ்சம் பெருசா இருந்தாலும் பரவாயில்லை.

விளக்கும் பாக்கி. டைனமோன்னாரே, எந்த டைனமோ? டயர் பக்கவாட்டுல உரசுற புட்டி மாதிரியா, ஹப்பா? உரசுறதுன்னா நல்ல மழையில வழுக்கி மினுக்மினுக்குன்னு சாகும். அதுக்கு சார்ஜ் போடுற விளக்கே மேல்.

நிலாச்சக்கரம்:
சார்ஜ் போட மறக்காதவரை. ஹப் டைனமோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் 6 வோல்ட், 3 வாட், இன்றைய எல்.இ.டி. விளக்குக்கு அது தாராளம். நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் வகையா என்று கேளுங்கள், சிக்னலில் நிற்கும்போது பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். எதுவானாலும் ஒளி சாலையில் விழ வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணில் அல்ல.

புதுமிதி:
காந்தத்தோடு போய் வந்தேன். இலகு வண்டியில் பின்னால் கேரியர் துளை இருக்கிறது, முன் போர்க்கில் எதுவும் இல்லை. 32-க்கு மேல் டயர் ஏறாது, 32 போட்டால் மட்கார்டுக்கு இடமில்லை என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். கனமான வண்டியின் ரிம்மில் காந்தம் ஒட்டவில்லை. முன்னால் 44, பின்னால் 18 பல். டைனமோ ஹப்பில். 22 பல் மாற்றித்தரச் சம்மதித்தார். அதையே எடுக்கிறேன். ஆனால் காற்றைக்கிழி சொன்ன எதிர்க்காற்று உறுத்துகிறது.

காற்றைக்கிழி:
உறுத்தணும்! இப்பவும் சொல்றேன், 37 டயரும் முழு மட்கார்டும் ஏத்துற மாதிரி துளை எல்லாம் இருக்குற மூணாவது இலகு வண்டி ஒண்ணைத் தேடியிருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது. சரி, எடுக்குறதுன்னு ஆயிடுச்சு. ஹேண்டில்பார் தண்டை இறக்கச் சொல்லுங்க, சீட் உயரத்துக்கு வந்தாப் போதும். பாதிப் பாய்மரம் சுருண்டுடும்.

கோட்டம்எடுப்பவன்:
இறக்கும்போது பிரேக் கேபிளும் கியர் கேபிளும் எங்கும் மடங்காமல் இருக்கிறதா என்று ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சீட்டை அதற்கு முன்பே வைத்துவிடுங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின்மிதி பிரேக்கைச் சட்டத்தோடு பிடிக்கும் பட்டை, செயின் பக்கத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும். பல் மாற்றிய பிறகு அதன் திருகை இறுக்கினாரா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள்.