சீசர் படத்துல சீசரே வரல, ஹிஸ்டரி லெசன்ஸ் பாத்தவங்க இருக்கீங்களா?

ராத்திரிப்பூனை:
ஜூலியஸ் சீசர் படம்னாங்களேன்னு ஸ்ட்ராப்-உய்யேங்கிற டைரக்டர் ஜோடி எடுத்த ஹிஸ்டரி லெசன்ஸ் (1972) பாத்தேன். மொத்தமே 85 நிமிஷம்தான். அதுல கோட்டு போட்ட பையன் ஒருத்தன் குட்டி ஃபியட் கார்ல எழுபதுகளோட ரோம் தெருவுல சுத்துறான், கேமரா பின்சீட்டுல இருந்து அவன் பிடரியவே பாத்துட்டு இருக்கு, கட்டும் இல்ல பேச்சும் இல்ல, ஒரு தடவைக்கு பத்து நிமிஷம் கிட்ட போகுது, இப்படி மூணு தடவ. நடுநடுவுல ரோமானிய உடுப்புல இருக்கிற ஆளுங்க கிட்ட போய் சீசரப் பத்தி கேக்குறான். அந்த கார் சீன் எதுக்குன்னு யாராச்சும் சொல்லுங்கப்பா.

பழைய ரீலு:
ப்ரோ, இது ஜெர்மன் எழுத்தாளர் பிரெக்ட் முடிக்காம விட்ட சீசர் நாவல்ல இருந்து எடுத்தது. சீசருக்கு கடன் குடுத்த பேங்கர்தான் முக்கியமா பேசுறாரு, அதுதான் படமே. கடல் கொள்ளக்காரங்க மேட்டர் ஞாபகம் இருக்கா? பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் சொல்ற கதைல சீசர புடிச்சு வச்சு அவனுங்க 20 டேலண்ட் (அந்தக் காலத்து வெள்ளி எடைக் கணக்கு) கேட்டானுங்க, என் ரேட்டு அவ்ளோதானான்னு சீசரே 50 தர்றேன்னாரு, வெளிய வந்ததும் புடிச்சு சிலுவைல அறஞ்சாருன்னு வரும். பேங்கர் என்ன சொல்றாரு? அது அடிமை யாவாரத்துல வந்த தொழில் போட்டிப்பான்னு அசால்ட்டா சொல்லிட்டு போறாரு. நிஜத்துலயும் சீசர் ஸ்பெயினுக்கு கவர்னரா கெளம்பும்போது கடன்காரங்க விடல, ரோம்ல பெரும் பணக்காரரா இருந்த க்ராஸஸ் 830 டேலண்டுக்கு ஜாமீன் போட்டப்புறம்தான் விட்டாங்க. முடிவுல பேங்கர் எங்க சின்ன பேங்க் இப்ப சின்ன பேங்க் இல்லன்னு சொல்லுவாரு பாருங்க, எனக்கு அந்த எடத்துல பகீர்னு ஆச்சு.

கட்_சொல்லாதவன்:
எல்லாம் சரி தல, அவரு கார் சீன் எதுக்குன்னுல்ல கேட்டாரு. எனக்கு அது சுத்த போர். இந்த மாதிரி படம்னாலே சும்மா முட்டு குடுக்கிறதா போச்சு.

பழைய ரீலு:
முட்டு இல்லங்க. பேங்கர் பேச்சுல அவ்ளோ கணக்கு வருது, அது மண்டைல எறங்க டைம் வேணாமா? அதுவும் இல்லாம ஹார்ன், எஞ்சின் எல்லாம் ஸ்பாட்ல எடுத்த சத்தம், சந்துல குறுக்க வர்ற சனங்க, வழிய மறிச்சு நிக்கிற வண்டி, இவங்கதான் அந்த வரலாற்றுல பேரு வராத ஆளுங்க. மொத ஷாட்டு மேப் கவனிச்சீங்களா, முசோலினி ஆட்சில செவுத்துல பதிச்ச ரோம சாம்ராஜ்ய மேப்பு அது. அங்கயே ஆரம்பிச்சிட்டாங்க.

கட்_சொல்லாதவன்:
மேப் ஓகே, ஒத்துக்கிறேன். கார் அஞ்சு நிமிஷம் போதும்.

ராத்திரிப்பூனை:
பேங்கர் சீன் மட்டும் மறுபடி பாக்கணும் போல இருக்கு. இவங்களே இதுக்கு முன்னாடி ஒதோன்னு ஒண்ணு எடுத்துருக்காங்களாமே, அதுலயாச்சும் ராஜா வர்றாரா?

பழைய ரீலு:
வர்றாரு, ரோம ராஜாங்க கால்பா, ஒதோ ரெண்டு பேருமே வர்றாங்க. கார்னெய் 1664ல எழுதின பிரெஞ்சு நாடகம், ரோம்ல பாலடைன் குன்று மேல வச்சு எடுத்தது, கீழ ட்ராஃபிக் இரைச்சல் கேட்டுட்டே இருக்கும். ஒதோவா நடிச்சவரே இத்தாலிக்காரர், செய்யுள மூச்சு விடாம ஒப்பிப்பாங்க. சப்டைட்டில் படிக்கவே திணறும், டீ குடிச்சிட்டு உக்காருங்க.