புதுப்பிப்பு: டிக்கியில் கொட்டிய பால், நாற்றம் போய்விட்டது

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் பால் கேன் சாய்ந்து கார் டிக்கி ஊறிப்போனதையும், நாற்றம் போக என்ன செய்வது என்றும் முன்பு எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

ஸ்டெப்னியை (மாற்று டயரை) தூக்கிப் பாருங்கள் என்று ஒரு அண்ணன் சொன்னார். அங்கேதான் விஷயமே இருந்தது. மேலே கார்ப்பெட்டை எவ்வளவு தேய்த்தும் வாடை போகாததற்குக் காரணம், ஸ்டெப்னி உட்காரும் அடிக்குழியில் பால் தயிராகத் தேங்கிக் கிடந்ததுதான். குழியில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, பச்சைத் தண்ணீர் ஊற்றி வெளியேற்றினோம். வெந்நீர் வேண்டவே வேண்டாம். சூட்டில் பாலின் புரதம் இறுகி நாரோடு ஒட்டிக்கொள்ளும்.

கார்ப்பெட்டையும் அடிப் பஞ்சையும் என்சைம் கலந்த சலவைத் திரவத்தில் நனைத்து, ராத்திரி முழுக்க ஈரமாகவே விட்டோம். என்சைம் ஈரத்தில்தான் புரதத்தை உடைக்கும். அவசரப்பட்டுக் காயவைத்தால் பாதியில் நின்றுவிடும். காலையில் அலசி மொட்டைமாடியில் போட்டோம், மிச்சத்தைச் சேலத்து வெயில் பார்த்துக்கொண்டது. லேசாக இருந்த வாடைக்குச் சமையல் சோடா தூவித் துடைத்தோம்.

வாசனை ஸ்ப்ரே அடிப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து. அழுகும் பால் உள்ளேயே இருக்கும்.

குழியை ஈரமில்லாமல் துடையுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். ரப்பர் மூடியையும் திரும்ப அழுத்தி மாட்டுங்கள், மழையில் கீழிருந்து தண்ணீர் ஏறும்.